கோர்ட் ஓரம்: இருபது வயதுப் பெடியனை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: சேர், ஸ்டெஃபான் காசிலை வைத்து எனக்கும் மச்சானுக்கும் வாட்ஸ்அப்பில் பெரிய சண்டை. 2024-25இல் முதல் பருவம் ஆடியே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் சிறந்த புதுமுக வீரர் விருதை எடுத்தவன், ஆட்டத்துக்குச் சராசரி 14.7 புள்ளி, பெரிய ஆளாக வருவான் என்கிறேன் நான். த்ரீ பொயின்ட் (தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கு எறிவது) 28.5 வீதம்தான், எறியத் தெரியாதவன் எங்கே உருப்படுவது என்கிறான் மச்சான். யார் சொல்வது சரி?
(கல்லடி வாசகர்)

பதில்: இரண்டு பேரும் பிழையான இடத்தில் பிடித்துக்கொண்டு இழுபடுகிறீர்கள் தம்பி.

முதலில் உங்கள் விருதுக்கு வருவோம். 2013 ட்ராஃப்டை (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்வது) எடுத்துப் பாருங்கள். முதல் ஆளாக க்ளீவ்லாண்ட் அணி எடுத்தது அந்தனி பெனெட்டை. முதல் வருடம் 4.2 புள்ளி, நாலு பருவத்தோடு என்.பி.ஏ.யில் அவர் கதை முடிந்தது. பதினோராவதாக பிலடெல்பியா எடுத்த மைக்கல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 16.7 புள்ளி, ஆறு சொச்சம் அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), ஆறு சொச்சம் ரீபவுண்ட் (தவறிய எறியைப் பிடித்தது) என்று வெளுத்து வாங்கி அந்தப் புதுமுக விருதைத் தட்டிக்கொண்டு போனார். பதினைந்தாவதாகப் போன கிரேக்கப் பெடியன் யானிஸ் அந்தட்டோகும்போவுக்கு 6.8 புள்ளிதான். அன்றைக்குப் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் நீங்கள் யாரில் கட்டியிருப்பீர்கள்? 2015இல் கார்ட்டர்-வில்லியம்ஸை மில்வோக்கிக்கு மாற்றினார்கள், யானிஸ் இருந்த அதே அணிக்கு. மறுகா நடந்தது தெரியும்தானே. யானிஸ் 2019, 2020 இரண்டு வருடமும் எம்.வி.பி. (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்), 2021இல் சம்பியன். மற்றவர் அணி அணியாக அலைந்தார்.

அந்த 16.7 எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் பிலடெல்பியா தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றது. 82 ஆட்டத்தில் மொத்தமாக வென்றது 19தான். தோற்கிற அணியிலும் யாரோ ஒருவர் புள்ளி எடுக்கத்தானே வேண்டும்? மற்றது வயது. அவருக்கு அப்போது 22. யானிஸ் 18 வயதில் பருவத்தைத் தொடங்கி, ஆடிக்கொண்டே வளர்ந்துகொண்டிருந்தவர், உயரத்திலும்தான். அந்த வயதில் இந்த வித்தியாசம் என்பது ஓ.எல். பிள்ளையையும் கம்பஸ் பிள்ளையையும் ஒரே வகுப்பில் இருத்தி மார்க்ஸ் போடுவது மாதிரி.

காசிலுக்கு வயது சாதகம். 19இல் தொடங்கி, பருவத்தின் முதல் கிழமைகளில்தான் 20ஐத் தொட்டான். ஆனால் புள்ளியில் கொஞ்சம் கழிவு போடவேண்டும். அவனுடைய அணியான சான் அன்டோனியோ அந்த வருடம் 34 ஆட்டம்தான் வென்றது. பெப்ரவரியில் அணியின் நட்சத்திரம் விக்டர் வெம்பன்யாமா தோளில் இரத்தக்கட்டி என்று வெளியே போனபிறகு, பந்து இவன் கைக்குக் கூடுதலாக வந்தது. அதே அணியில் 82 ஆட்டமும் ஆடிய பழுத்த அனுபவசாலி கிறிஸ் போலோடு ஒரு வருடம் இருந்தானே, அதை நான் புள்ளிக்கு மேலே வைப்பேன்.

சரி, இப்போது மச்சானின் த்ரீ பொயின்ட். அதை விட்டுவிட்டு ஃப்ரீ த்ரோவை (எதிராளியின் பிழைக்குக் கிடைக்கும் தனி எறியை) பார்க்கச் சொல்லுங்கள். மறிக்க ஆள் இல்லை, தூரம் மாறாது, அவசரமும் இல்லை. கை நல்ல கையா என்பது அங்கேதான் தெரியும். என்.பி.ஏ. வீரர் கவாய் லெனர்ட் கல்லூரியில் ஆடிய இரண்டு வருடமும் த்ரீ பொயின்டில் 30 வீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் இரண்டாம் வருடம் ஃப்ரீ த்ரோ 76 வீதம் அளவில் இருந்தது. என்.பி.ஏ.யில் முதல் வருடமே த்ரீ பொயின்ட் 37 வீதத்துக்கு மேலே. எறியும் முறையைத் திருத்தினார்கள், திருத்தக்கூடிய கை அது. காசிலின் ஃப்ரீ த்ரோ 72 வீதம். நடுத்தரம். கார்ட்டர்-வில்லியம்ஸும் 70ஐ ஒட்டித்தான் இருந்தார் என்பதையும் மறக்கக்கூடாது. 80 என்றால் கண்ணை மூடிக்கொண்டு காசு கட்டுவேன். 72க்கு, இன்னும் இரண்டு வருடம் பொறுத்துத்தான் பார்ப்பேன்.

அப்புறம், எந்த அட்டவணையிலும் வராத ஒன்று. அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதீர்கள், அவனை மட்டும் பாருங்கள். அவனுடைய பாஸை எதிராளி பறித்தால் உடனே திரும்பி ஓடுகிறானா, ரெஃபரியைப் பார்த்துக் கையை விரிக்கிறானா? பந்து மற்றப் பக்கம் இருக்கும்போது முழங்கால் மடிந்து நிற்கிறதா? காலைத் தேத்தண்ணியோடு நான் பார்த்த ஆட்டங்களில் காசில் ஓடுகிறான், மோதுகிறான், எதிரணியின் முதல் ஆளை மறிக்கத் தானே போய் நிற்கிறான். அதனால் என் கணக்கு இது: நல்ல ஆளாக வருவான், எறிகாரனாக வருவான் என்று சொல்லமாட்டேன். மச்சானிடம் பாதிச் சண்டையைத் தோற்றுவிடுங்கள்.

கேள்வி: செர்பியாக்காரர் ஜோகிச்சை 2014 என்.பி.ஏ. ட்ராஃப்டில் 41ஆவதாகத்தானே எடுத்தார்கள்? அத்தனை நிபுணர்களும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: பெயரை அறிவித்த நேரம் டிவியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது! உடம்பு பருமன், ஓட்டம் மெதுவு, பாய்ச்சல் இல்லை, அளந்ததெல்லாம் அதைத்தான். ஐரோப்பாவில் ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ.யில் 48. அங்கே, வயதில் மூத்த ஆட்களுக்கு நடுவே ஒரு பெடியனுக்குக் கிடைக்கும் நிமிடமும் குறைவு. அதனால் அவன் சராசரி சின்னதாகத் தெரியும். பாஸ் கொடுக்கிற கண்ணை அளக்க அவர்களிடம் நாடா இருக்கவில்லை. ஜோகிச் பிறகு 2021, 2022, 2024 எம்.வி.பி., 2023 சம்பியன்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பாடசாலையிலேயே அவன்தான் உயரம். கோச் அவனை ரிங்குக்குக் கீழேயே நிறுத்துகிறார். இவனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு போக ஆசை. வீட்டில் ஒரே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறான்.
(கல்முனை வாசகி)

பதில்: அவன் ஆசை நியாயமானது தங்கச்சி. இன்றைக்கு உயரமாக இருப்பவன் 18 வயதில் நடுத்தரமாகப் போய்விடலாம். அப்போது ரிங்குக்குக் கீழே கற்றது மட்டும் போதாது. என்.பி.ஏ. வீரர் அந்தனி டேவிஸ் உயர்தரப் பாடசாலையில் சின்ன உருவத்தோடு, பந்தைத் தட்டிக்கொண்டு போகும் கார்ட்டாக ஆடியவர். பிறகுதான் மளமளவென்று வளர்ந்தார். பந்தைத் தட்டிப் பழகிய கை கூடவே வந்தது. 2012 ட்ராஃப்டில் முதல் ஆளாகப் போனார்.

கோச்சோடு போய் வாதாட வேண்டாம். போட்டியில் அவர் சொல்கிற இடத்தில் நிற்கட்டும், அணிக்கு அது தேவை. பயிற்சி முடிந்தபிறகு அரை மணித்தியாலம் இடது கையால் தட்டிப் பழகட்டும், பிறகு ஃப்ரீ த்ரோ. அமெரிக்க இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் ஊன்றிவிட்டுப்போன விளையாட்டு இது. அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில் மட்டக்களப்பில் மைதானமே இருக்கிறது, ஆனாலும் பந்தை மட்டும் நம்பி இங்கே சோறு சாப்பிட முடியாது. ஓ.எல். வருகிறது என்பதை அவனுக்கு ஞாபகப்படுத்துங்கள். நான் சொன்னதாகவே சொல்லலாம்.