நாலு மணிக்கே பெரட்டுக்குக் கிளம்பும் பாட்டியை எப்படிச் சமாளிப்பது?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் சகோதரி எழுதியிருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியே காலம் தள்ளிய பாட்டி, டிமென்ஷியா என்ற மறதி நோய். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து "பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) நேரமாச்சு, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) திட்டுவாரு" என்று கேட்டைப் பிடித்து உலுக்குகிறார், குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார், கடிக்கிறார். மூன்று நாளாக ரொம்ப மோசம். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறாராம் இல்லத்தை நடத்துபவர்.

மாத்திரை இப்போது வேண்டாம். எனக்கு உறுத்துவது அந்த மூன்று நாள்தான். டிமென்ஷியா பெரும்பாலும் மெல்ல மெல்ல ஏறும். ஒருவர் நாள் கணக்கில் இப்படி மாறினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, புதிதாக ஆரம்பித்த மருந்து, எங்கேயோ ஒரு வலி என்று முதலில் தேடவேண்டும். இன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். வலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நார்வேயில் முதியோர் இல்லங்களில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், முறையாக வலிக்கு மருந்து கொடுத்ததிலேயே (பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்தான்) இந்த ஆர்ப்பாட்டம் குறைந்தது.

அடுத்து அந்த நாலு மணி. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வாழ்நாள் முழுக்க இருட்டில் எழுந்தவர், அவரை ஆறு மணிவரை படுக்கச் சொன்னால் எப்படி? எழட்டும். விளக்கைப் போட்டு, சூடாக ஒரு கோப்பி கொடுத்து, மடிப்பதற்குத் துணி கொடுங்கள். "தோட்டமெல்லாம் வித்தாச்சு பாட்டி" என்று மட்டும் வாதாடாதீர்கள், ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் செய்தி. எந்த நெரை (மர வரிசை) வெட்டினீர்கள், மரம் எப்படி என்று கேளுங்கள், பேசப் பேச கேட்டை விட்டு வந்துவிடுவார். மழை பெய்கிற நாளில் "இன்னிக்கு வெட்டு இல்ல பாட்டி" என்று சொல்லலாம், ஆனால் காய்ந்த தரையைக் காட்டி மழை என்றால் கோபம் கூடத்தான் செய்யும்.

குளியல்தான் கஷ்டமான இடம். பைப்படியில் கைலியைக் குறுக்காகக் கட்டிக் குளித்தே பழகியவரை முழுசாகத் துணி அவிழ்த்து, இரண்டு பேர் பிடித்து, தலையில் தண்ணீர் ஊற்றினால் அவருக்கு அது தாக்குதல். அடிக்காமல் என்ன செய்வார்? கைலி கட்டியபடியே இருக்கட்டும். ஒரு பெண் மட்டும் போங்கள், வெதுவெதுப்பான தண்ணீர், முதலில் காலில், தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டு. முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு அப்புறம் வாருங்கள். ஈரத்துண்டால் துடைத்துவிட்டாலும் போதும், தினம் குளிக்கவேண்டும் என்று சட்டமில்லை.

இன்னொன்று. பிற்பாடு கற்ற மலாய் இந்த நோயில் முதலில் போய்விடலாம். தமிழ் தெரியாத பணியாளர்கள் இருந்தால் "வலிக்குதா", "தண்ணி", "மெதுவா" என்று நாலு சொல்லையாவது சொல்லிக் கொடுங்கள்.

இத்தனையும் செய்து, பாட்டியோ மற்றவரோ காயப்படும் அபாயம் அப்போதும் இருந்தால்தான் மாத்திரைப் பேச்சு. தூக்க மாத்திரை தள்ளாட வைத்து விழவைக்கும். ரிஸ்பெரிடோன் வகை மனநோய் மருந்துகள் டிமென்ஷியா முதியவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. லூயி பாடி (Lewy body) என்ற வகை டிமென்ஷியா என்றால் இன்னும் ஆபத்து. டாக்டர் எழுதித்தான் கொடுக்கிறார் என்றால், மிகக் குறைந்த அளவா, எந்த நடத்தைக்காக என்று கேளுங்கள், ஆறு வாரத்துக்குள் திரும்பப் பார்த்து நிறுத்த முடியுமா என்று முடிவு செய்ய அன்றைக்கே தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.