வேற்று விண்மீன் வால்மீனில் என்ன இருக்கிறது? எந்த எண்ணைச் சொல்வது?

கேள்வி: வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த 3ஐ/அட்லஸ் வால்மீன் பற்றி மாணவர்களிடம் பேசப்போகிறேன். அதில் தண்ணீரைவிடக் கார்பன் டை ஆக்சைடு 8 மடங்கு என்கிறது ஒரு செய்தி. அது தண்ணீரைக் குழாயில் பீய்ச்சுவதுபோல் கொட்டுகிறது என்கிறது இன்னொன்று. எதைச் சொல்வது?

பதில்: இரண்டையும் சொல்லலாம், இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுமே வால்மீனின் உள்ளடக்கம் அல்ல. அளந்த நாளில் அதிலிருந்து கிளம்பிய வாயுக்களின் கணக்கு, அவ்வளவுதான். அதனால் எண்ணோடு தேதியையும் சூரியனிலிருந்து அப்போதிருந்த தொலைவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தொலைநோக்கி பார்ப்பது பனிக்கருவை அல்ல, அதைச் சூழ்ந்த வாயு மூட்டத்தை. வெப்பம் ஏற ஏற முதலில் கார்பன் மோனாக்சைடு ஆவியாகும், பிறகு கார்பன் டை ஆக்சைடு, கடைசியில்தான் தண்ணீர்ப் பனி. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப்போல் சுமார் 3 மடங்குக்கு அப்பால் தண்ணீர்ப் பனி அவ்வளவாக ஆவியாகாது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2025 ஆகஸ்ட் 6 அன்று அளந்தபோது அட்லஸ் 3.3 மடங்கு தூரத்தில் இருந்தது. அப்போது கிடைத்த விகிதம்தான் அந்த 8. துல்லியமாகச் சொன்னால் 7.6. தண்ணீர்ச் செய்தி ஸ்விஃப்ட் விண்கலத்தின் அளவீடு: நொடிக்குச் சுமார் 40 கிலோ. அதுவும் ஏறக்குறைய 3 மடங்கு தூரத்தில்தான். ஆக, ஒன்று விகிதம், மற்றது அளவு. முரண் எதுவும் இல்லை.

அதற்காக 7.6 சாதாரணம் என்று நினைத்துவிட வேண்டாம். நம் சூரியக் குடும்பத்து வால்மீன்கள் அதே தூரத்தில் இருக்கும்போதும் பெரும்பாலும் இவ்வளவு காட்டுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அது பிறந்த இடத்திலேயே கார்பன் டை ஆக்சைடு பனி மிகுந்திருக்கலாம். அல்லது, விண்மீன்களுக்கு இடையே நெடுங்காலம் அலைந்தபோது அண்டக் கதிர்கள் மேலோட்டிலிருந்த கார்பன் மோனாக்சைடை டை ஆக்சைடாக மாற்றியிருக்கலாம். இரண்டாவது உண்மையானால் நாம் பார்த்தது வெறும் மேல்தோல். பிறந்தபோது இருந்த சரக்கு உள்ளே கிடக்கிறது.

2019இல் வந்த போரிசோவ் என்ற இன்னொரு வேற்று விண்மீன் வால்மீன் வேறு விதம். அதில் மிகுந்திருந்தது கார்பன் மோனாக்சைடு. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது தண்ணீரையே மிஞ்சியது. சூரியனைவிட்டு விலகும்போது தண்ணீர் சட்டென்று குறைய, மோனாக்சைடு குறையவில்லை. அதனால் விகிதமும் தேதிக்குத் தேதி மாறியது.

அருகே போகாமல் எப்படித் தெரியும் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிரும். கார்பன் டை ஆக்சைடுக்கு 4.3 மைக்ரான், அகச்சிவப்பு. நம் காற்றிலுள்ள அதே வாயு அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் தரையிலிருந்து பார்க்க முடியாது. விண்வெளித் தொலைநோக்கிதான் வேண்டும். கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த, சயனைடோடு தொடர்புள்ள சயனோஜன் 388 நானோமீட்டரில் தெரியும், அதைத் தரையிலிருந்தே பிடிக்கலாம்.

அப்புறம், "சயனைடா, ஆபத்தா?" என்ற கேள்வியும் வரும். நம் வால்மீன்களிலும் அது வழக்கமாக இருப்பதுதான். அட்லஸ் பூமிக்கு மிக அருகில் வந்தபோதும் சூரியனைவிடத் தொலைவில்தான் இருந்தது.