வாசகர் கேள்விகள்: பனிச்சறுக்குப் பருவத்தின் பேரேடு

2024–25 ஆம் ஆண்டின் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் நிறைவடைந்தது. அதைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகி): சூரிக்கில் வேலை பார்க்கும் என் பேரன், "அப்பத்தா, எங்கள் ஓடர்மாட் நாலாவது தடவையும் ஜெயித்துவிட்டார்" என்று தொலைபேசியில் மகிழ்ந்து சொன்னான். ஆனால் பிப்ரவரியில் உலக சாம்பியன்ஷிப்பின் டவுன்ஹில் தங்கத்தை வேறு ஒருவர் வாங்கியதாகப் படித்தேனே. இருவரில் யார் பெரியவர்?

பதில்: ஆச்சி அவர்களே, தங்கள் பேரன் சொன்னதும் தாங்கள் படித்ததும் உண்மைதான். ஆஸ்திரியாவின் சால்பாக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் டவுன்ஹில் (மலைச்சரிவில் மிக வேகமாக இறங்கும் பந்தயம்) தங்கம் ஃபிரான்யோ ஃபான் ஆல்மனுக்குக் கிடைத்தது, அவரும் சுவிட்சர்லாந்துக்காரரே. மார்கோ ஓடர்மாட் அங்கே சூப்பர் ஜி (டவுன்ஹில்லைவிட வளைவுகள் கூடுதலான வேகப் பந்தயம்) பிரிவில் தங்கம் வென்றார். அவை குறிப்பிட்ட ஒரு நாளில் தீர்மானிக்கப்படும் பட்டங்கள். பேரன் குறிப்பிட்டதோ 1967 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் உலகக் கோப்பை. அது ஐந்து மாதங்கள் பல நாடுகளின் மலைகளில் ஓடிச் சேர்க்கும் புள்ளிகளால் முடிவாவது. ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 100 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 80, மூன்றாம் இடத்துக்கு 60, நான்காம் இடத்துக்கு 50 எனக் குறைந்துகொண்டே வந்து, முப்பதாம் இடத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கும். பருவ முடிவில், ஆண்களிலும் பெண்களிலும் தனித்தனியே, மொத்தப் புள்ளிகளில் முதலில் நிற்பவருக்குப் பெரிய படிகக் கோளமும், டவுன்ஹில், சூப்பர் ஜி, ஜெயன்ட் ஸ்லாலம் (கம்பங்களைச் சுற்றி அகன்ற வளைவுகளில் இரண்டு சுற்றுகள்), ஸ்லாலம் (நெருக்கமான வளைவுகளில் இரண்டு சுற்றுகள்) ஆகிய ஒவ்வொரு பிரிவிலும் முதல்வராக இருப்பவருக்குச் சிறிய கோளமும் தருவார்கள்.

நம் பக்கத்து வீடுகளில் ஒரு நாள் வரவை வைத்து எவரும் வியாபாரத்தை எடை போடமாட்டார்கள். பேரேட்டைப் புரட்டி, ஆண்டு முடிவில் ஐந்தொகை பார்த்த பிறகே பேசுவார்கள். உலகக் கோப்பை அப்படிப்பட்ட கணக்கு என்பதால், பதக்கத்தைவிடக் கோளமே பெரியது என்பது என் உறுதியான எண்ணம். ஓடர்மாட்டின் பருவமே இதற்குச் சான்று. அக்டோபர் இறுதியில் ஆஸ்திரியாவின் சோல்டன் பனியாற்றில் நடந்த முதல் ஜெயன்ட் ஸ்லாலத்தில் அவர் முதல் சுற்றிலேயே தவறி வெளியேறினார். அன்று அவர் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை, முதல் மூன்று இடங்களையும் நார்வே வீரர்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த வெறுங்கையோடு தொடங்கியவர், ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் வெங்கன் டவுன்ஹில்லை மூன்றாம் முறையாக வென்று, மார்ச் முடிவில் பெரிய கோளத்தோடு டவுன்ஹில், சூப்பர் ஜி, ஜெயன்ட் ஸ்லாலம் ஆகிய மூன்று சிறிய கோளங்களையும் சேர்த்து எடுத்துச் சென்றார். ஸ்லாலம் பந்தயங்களில் இறங்காமலேயே மொத்தக் கணக்கில் முதல்வரானது சாதாரணச் செயல் அன்று. அதே பருவத்தில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் உள்ள ஷ்ட்ரைஃப் என்ற புகழ்பெற்ற சரிவின் டவுன்ஹில் அவருக்கு வசப்படவில்லை. அதைக் கனடாவின் ஜேம்ஸ் கிராஃபோர்ட் வென்றார். ஒரு மலை கைவிட்டாலும் அடுத்த வாரம் இன்னொரு மலையில் ஈடுகட்ட இடம் இருக்கிறது என்பதுதான் இந்த முறையின் அழகு.

கேள்வி (தேவகோட்டை ஆசிரியர்): அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் நூறாவது வெற்றி பெற்றதாகச் செய்தி வந்தது. அப்படியிருந்தும் அந்த ஆண்டின் பெரிய கோளம் அவருக்குக் கிடைக்காதது ஏன்?

பதில்: நூறு என்பது அவர் 2012 முதல் உலகக் கோப்பைப் பந்தயங்களில் சேர்த்துவரும் வாழ்நாள் கணக்கு, கோளமோ ஒரு பருவத்தின் கணக்கு. நவம்பர் மாதம் லெவியிலும் குர்கலிலும் ஸ்லாலம் வென்று 99 வெற்றிகளை எட்டிய அவர், நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் கில்லிங்டனில் ஜெயன்ட் ஸ்லாலத்தின் முதல் சுற்றில் முன்னணியில் இருந்தார். இரண்டாம் சுற்றில், வெற்றி கண்ணுக்கு எட்டிய நேரத்தில் விழுந்து தடுப்பு வலைக்குள் சென்றார். வயிற்றுப் பகுதியில் ஆழமான குத்துக்காயம் ஏற்பட்டது. இரண்டு மாதங்கள் களத்துக்கு வெளியே இருந்துவிட்டு ஜனவரி 30 அன்று பிரான்சின் கூர்ஷவெலில் திரும்பி வந்தவர், பிப்ரவரி 23 அன்று இத்தாலியின் செஸ்ட்ரியேரேயில் நூறாவது வெற்றியைப் பெற்றார். அவருக்கு முன்பு நெடுங்காலம் நின்ற சாதனை, சுவீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க்கின் 86 வெற்றிகள் என்பதை நினைத்தால் அந்த எண்ணின் எடை புரியும். உடற்காயம் ஆறிய பின்னும், விழுந்த அதே பிரிவில் முழு வேகத்தில் இறங்கத் தம் மனம் இடம் தரவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, உலக சாம்பியன்ஷிப்பின் ஜெயன்ட் ஸ்லாலத்தில் கலந்துகொள்ளாமல் இருந்ததை நான் மிகுந்த மதிப்போடு பார்க்கிறேன்.

அவர் இல்லாத அந்த வாரங்களைக் காரணம் காட்டி, கோளத்தை வென்றவரின் பெருமையைக் குறைப்பது நியாயம் ஆகாது. இத்தாலியின் ஃபெடெரிக்கா பிரின்யோனே தம் 34 ஆவது வயதில், சோல்டனில் முதல் நாளே வென்று, அந்தப் பருவத்தில் மட்டும் பத்து வெற்றிகள் பெற்றார். டவுன்ஹில், ஜெயன்ட் ஸ்லாலம் கோளங்களும் அவருக்கே. பெரிய கோளத்தை 2020 இலேயே ஒருமுறை வென்றவர்தான், ஆனால் அந்த ஆண்டு கொரோனாத் தொற்றால் பருவம் முடிவதற்கு முன்பே நின்றது. இம்முறை எவரும் குறை சொல்ல முடியாத முழுப் பருவம். சன் வேலியில் நடந்த இறுதிச் சுற்றில் லாரா குட் பெஹ்ராமி சூப்பர் ஜி வென்றபோது, ஓய்விலிருந்து திரும்பிய அமெரிக்க வீராங்கனை லிண்ட்சே வான், செயற்கை மூட்டுப் பொருத்திய முழங்காலோடு, தம் 40 ஆவது வயதில் இரண்டாம் இடம் பிடித்தார். அன்றைய மேடையில் மூன்றாவதாக நின்றவர் பிரின்யோனே. இந்தப் பருவத்தில் என்னை மிகவும் நெகிழவைத்த முடிவுப் பட்டியல் அதுதான்.

கேள்வி (புதுவயல் அரிசி ஆலை உரிமையாளர்): வினாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்துக்கு வெற்றி தோல்வி சொல்கிறார்களே, அது வெறும் கருவிக் கணக்கு இல்லையா?

பதில்: இல்லை. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் வீரர் வினாடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர் கடக்கிறார். நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் 36 சென்டிமீட்டர் போய்விடுவார். கண்ணால் காணக்கூடிய இடைவெளிதான் அது.

கேள்வி (காரைக்குடி உடற்கல்வி மாணவர்): பனியே பார்க்காத நம் ஊர் இளைஞர்கள் இந்த விளையாட்டில் நுழைய வழி உண்டா?

பதில்: வெயில் நாட்டின் பெயர் இந்தப் பட்டியலில் ஏற முடியும் என்பதற்கு இதே பருவத்தில் சான்று கிடைத்தது. நார்வே அணியிலிருந்து விலகி, தாயின் நாடான பிரேசிலுக்காக இறங்கிய லூக்காஸ் பின்ஹேரோ பிராத்தன், 2024 டிசம்பரில் பீவர் கிரீக் ஜெயன்ட் ஸ்லாலத்தில் இரண்டாம் இடம் பெற்றார்; உலகக் கோப்பை மேடையில் பிரேசில் ஏறியது அதுவே முதல் முறை. ஆனால் அவர் வளர்ந்ததும் பழகியதும் நார்வேயில் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாட்டில் காஷ்மீரின் ஆரிஃப் கான், குல்மார்கில் தந்தையின் பனிச்சறுக்குக் கடைச் சூழலில் சிறுவயதிலேயே கற்று, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளராகப் பங்கேற்று, ஜெயன்ட் ஸ்லாலத்தில் 45 ஆம் இடம் பெற்றார்.

கல்லூரி வயதில் முதல்முறையாகப் பனியில் காலை வைப்பவர் உலகக் கோப்பைப் பந்தய வீரராவது மிகக் கடினம்; தங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. ஆயினும் குல்மார்கிலும் உத்தராகண்டின் ஔலியிலும் குளிர்காலத்தில் தொடக்கநிலைப் பயிற்சி நடைபெறுகிறது. உடற்கல்வி படிப்பவர் அங்கே கற்று, தொடை, முழங்கால் வலுவூட்டும் பயிற்சியாளராகவோ போட்டி அலுவலராகவோ வளரலாம். முழங்கால் தசைநார்க் கிழிவு இந்த விளையாட்டில் அடிக்கடி நேர்வதால், அத்துறையில் தேர்ச்சி பெற்றவர்களின் தேவை என்றும் உண்டு.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): போட்டிகளை நம் நேரப்படி எப்போது பார்க்கலாம்?

பதில்: குளிர்காலத்தில் மத்திய ஐரோப்பிய நேரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே காலை 10 மணிக்குத் தொடங்கும் ஸ்லாலத்தின் முதல் சுற்று நமக்குப் பிற்பகல் 2.30; இரண்டாம் சுற்று மாலையில் வரும். முதல் சுற்றில் முந்திய முப்பது பேர் மட்டுமே இரண்டாம் சுற்றுக்குச் செல்வார்கள், அவர்களிலும் முப்பதாவதாக வந்தவரே முதலில் இறங்குவார். ஆகவே ஒரு சுற்றுதான் பார்க்க நேரம் உண்டு என்றால் இரண்டாவதைப் பாருங்கள். அமெரிக்கப் பந்தயங்களுக்கு இரவு விழித்திருக்க வேண்டியிருக்கும்.