உண்ணி, ஒட்டகம், கிரிமியன்-காங்கோ காய்ச்சல்: கேள்வி பதில்

கே: ஓமானில் ஒட்டகப் பண்ணையில் வேலை. உடம்பெல்லாம் உண்ணி, ஆனால் ஒட்டகம் நன்றாகத் தின்கிறது. நோய் இருந்தால் தெரியாதா?

ப: தெரியாது. கிரிமியன்-காங்கோ காய்ச்சல் உண்ணி வழியாக மனிதருக்கு வரும், உயிரையே எடுக்கக்கூடிய வைரஸ் நோய். அந்த வைரஸ் ஏறினாலும் ஒட்டகமோ மாடோ ஆடோ படுத்துவிடுவதில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் ரத்தத்தில் இருந்துவிட்டுப் போய்விடும். அந்த ஒரு வாரத்தில் அதை அறுப்பவரும் உண்ணி பிடுங்குபவரும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பரப்புவது ஹயலோமா இன உண்ணி. கால்களில் வளையம் வளையமாகக் கோடு தெரியும். புல் நுனியில் காத்துக் கிடக்காமல் ஆளைத் தேடி ஓடிவந்து ஏறும். முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் வைரஸைக் கொடுத்துவிடும். கையுறை போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

கே: கறி சாப்பிடலாமா? பால்?

ப: வெந்த கறியால் வராது, பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். ஆபத்து அறுக்கும்போது தெறிக்கும் ரத்தத்தில். அறுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே உண்ணி மருந்து போட்டுவிட வேண்டும்.

கே: நசுக்கினால் என்ன ஆகும்?

ப: அதன் உடம்புக்குள் இருப்பது உங்கள் கைக்கீறலுக்குள் போகும். நசுக்காதீர்கள்.

கே: எங்கள் தாத்தா பீடியால் சுட்டுத்தான் உண்ணி எடுப்பார். 90 வயது வரை இருந்தார்.

ப: சந்தோஷம். ஆனால் சூடு பட்ட உண்ணி வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கக்கூடும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுங்கள்.

கே (அதே நண்பர்): அரபு நாட்டு நோய்க்கு இவ்வளவு பயமுறுத்தலா?

ப: பெயரிலேயே அரபு நாடு இல்லையே! 1944இல் கிரிமியாவில் தெரியவந்தது, 1956இல் காங்கோவில். 2011 ஜனவரியில் குஜராத்தின் சானந்த் பக்கம் ஒரு பெண் இறந்தார். அவருக்குச் சிகிச்சை தந்த மருத்துவரும் செவிலியரும் இறந்தார்கள். இந்தியாவில் உறுதியான முதல் பரவல் அது. தாத்தா பீடியை இதோடு விடுவோம்.

கே: கோழிக்கு வருமா?

ப: பறவைகளுக்குப் பொதுவாக ஏறாது. நெருப்புக்கோழி விதிவிலக்கு. 1996இல் தென்னாப்பிரிக்காவில் அதை அறுத்த கூடத்தில் 17 பேருக்கு வந்தது.

கே: என் நாய்க்கு உண்ணி மாத்திரை எது நல்லது?

ப: நாயைப் பார்த்த மருத்துவரைக் கேளுங்கள்.

கே: உண்ணி கடித்து மூன்று நாள். காய்ச்சல், முதுகுவலி.

ப: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உண்ணி கடித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கே: விரலால் கூடாது, சரி. நகத்தால் நசுக்கலாமா?

ப: நகம் எதில் இருக்கிறது ஐயா?