வெயில் ஏறினால் திராட்சைக்கு என்ன?

கேள்வி: வெயில் கூடினால் திராட்சை நன்றாக இனிக்குமே, ஒயின் தயாரிப்பவர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள்?

பதில்: அந்த இனிப்புதான் சிக்கல். வெப்பத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு இறங்கிவிடும். தோலும் விதையும் பக்குவப்படவோ இன்னும் நாளாகும். காத்திருந்தால் சர்க்கரை இன்னும் ஏறும், அது நொதிக்கும்போது ஒயினில் ஆல்கஹால் கூடிப்போகும். முந்திப் பறித்தால் பச்சை வாடையும் துவர்ப்பும். அதனால் தினமும் தோட்டத்தில் நடந்து, பழத்தைக் கடித்து, விதை பழுப்பாகிவிட்டதா என்று பார்க்கிறார்கள். மெஷின் சோதனையைவிட இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்புறம், பலர் இரவில்தான் பறிக்கிறார்கள். பழம் குளிர்ந்திருந்தால் வாசனை கெடாது, தொட்டிக்குப் போகுமுன் நொதிக்கவும் தொடங்காது.

பிரான்சின் போன் (Beaune) நகரில் 1354 முதலான அறுவடைத் தேதிகளை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. படித்தபோது மனசு கனத்துப்போனது.