சாவு நெருங்கும்போது கிறிஸ்தவ விசுவாசம் உண்மையிலேயே ஆறுதல் தருமா, இல்லை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமா?

உங்கள் வீட்டில் யாரோ படுக்கையில் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சும்மா வாதத்துக்குக் கேட்டிருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு ஆகாது. நான் இறையியல் படித்தவன் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம், எலத்தகிரிப் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு வைத்திருக்கும் கத்தோலிக்கன். ஞாயிறு பூசைக்கே ஒழுங்காகப் போவதில்லை.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு ஏழு வாரம் இருந்தார். அதில் ஐந்து வாரம் நான் பங்குச் சாமியாரை, அதாவது எங்கள் ஊர்ப் பாதிரியாரை, கூப்பிடவே இல்லை. இப்போதும் உறுத்துவது அதுதான். எங்கள் பக்கம் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், 'அவ்வளவுதான்' என்று தெருவே முடிவு கட்டிவிடும். நோயாளிக்குச் செபம் சொல்லி எண்ணெய் பூசும் சடங்குக்கு இருந்த அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயர் அப்படி. உலகத்துக் கத்தோலிக்க பிஷப்புகள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து, 1972-இல் சடங்கையே திருத்திவிட்டார்கள். இப்போது அது நோயில்பூசுதல். சாகும் தறுவாய்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அம்மா பயந்துவிடுவார் என்று தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் அவரே கேட்டார்: "ஏன்டா இன்னும் சாமியைக் கூப்பிடல? பயம் எனக்கா, உனக்கா?"

மறுநாள் சாமியார் வந்தார். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன கைகள். அவர் போனதும் துடைத்துவிடலாம் என்று துணியை எடுத்தேன். அம்மா கையை மூடிக்கொண்டார்.

அதோடு பயம் போய்விட்டதா என்றால், இல்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். நாலைந்து நாள் கழித்து நடுராத்திரியில், "பயமா இருக்குடா" என்று அழுதார். நான் பைபிளை எடுத்து 23-ஆம் திருப்பாடலை ஆரம்பித்தேன். வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து செபமாலையை எடுத்தார். அதில் ஒரு மணி எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டிருந்தார். விரல் அங்கே வந்தால் மட்டும் ஒரு நொடி நின்று நகரும்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். 53 மணி செபமாலையில் மரியன்னையைப் பார்த்துச் சொல்லும் ஒரே செபம் 53 தடவை வரும். ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். அந்த மறுபாதி, எங்கள் மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று முடியும். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் சாயந்தரம் அதைச் சொன்னவர். மரண நேரம் என்பது அவருக்குப் புதிதாக வந்த வார்த்தை இல்லை. அன்று ராத்திரி அவர் முதல் பாதி, நான் மறுபாதி. மாலையின் மூன்றாவது பத்து மணிகளைச் சொல்லும்போது தூங்கிவிட்டார். நான் கண்ட ஆறுதல் இவ்வளவுதான். இது மூளையின் பழக்கம், விசுவாசம் இல்லை என்று பின்னூட்டத்தில் வருவீர்கள். இருக்கட்டும், அந்த நேரத்தில் கைகொடுத்தது அதுதான்.

கெடுத்தவர்களும் உண்டு. ஒரு செபக்கூட்டத்துக்குப் போகும் சொந்தக்காரர்கள் காரில் வந்து இறங்கி, "விசுவாசம் இருந்தா எழுந்து நடப்பீங்க அத்தை" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். எல்லாச் சபையையும் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆனால் சாகக் கிடப்பவரிடம் அவர் விசுவாசத்துக்கு மார்க் போடுவது பாவம்.

அதே சமயம்தான் மாங்காய் சீசன். பெங்களூரா காய்க்கு அந்த வருடம் மாங்கூழ் ஆலைக்காரர்கள் சொன்ன விலை பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை. பாதிக் காய் மரத்தடியிலேயே அழுகியது. அந்த வாடை அம்மா படுத்திருந்த அறைவரை வரும். 'காயை ஏன்டா விட்டுட்ட' என்று அதற்கும் திட்டினார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், அந்த நாட்களை நினைத்தாலே இது சேர்ந்து வந்துவிடுகிறது.

கடைசி நாள் முதல் பாதியைச் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. நான் முதல் பாதியைச் சொல்ல, அவர் உதடு மட்டும் அசைந்தது. செபமாலையைக் கையில் சுற்றியே அடக்கம் செய்தோம், நூல் முடிச்சோடு.