அமெரிக்காவில் ஒரு நகரத்துக்கு ஃபெடரல் அரசு தரும் சமுதாய மேம்பாட்டு, வீட்டு வசதி நிதியை யார், எப்படிப் பங்கு போடுகிறார்கள்? சாதாரணக் குடியிருப்பாளர் பேசினால் எடுபடுமா?

எடுபடும். ஆனால் பெரும்பாலானவர்கள் வந்து பேசும் கூட்டம் தவறான கூட்டம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு நகரத்தில் வசிக்கிறேன். இந்த நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து நகர மன்றத்துக்குப் பரிந்துரை செய்யும் குடிமக்கள் குழுவில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். சம்பளம் இல்லாத வேலை. அதற்கு முன்பு, முதியவர்கள் வீட்டுக்கு மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்காக இதே நிதிக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். கேட்கிறவர் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், கொடுக்கிறவர் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. முக்கியமாக இரண்டு வாய்க்கால்கள். ஒன்று சி.டி.பி.ஜி. எனப்படும் சமுதாய மேம்பாட்டு நிதி. 1974-ல் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. அதற்கு முன்பு நகரங்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக வாஷிங்டனிடம் மனுப் போட்டுக் காத்திருந்தன. அந்தத் திட்டங்களில் பலவற்றை ஒன்றாகக் கட்டி, 'இந்த வரம்புக்குள் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்று நகரங்களிடம் கொடுத்தார்கள். மற்றொன்று 1990-ல் வந்த ஹோம் திட்டம். இது வீட்டு வசதிக்கு மட்டும். இரண்டையும் நடத்துவது ஹட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டு வசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை.

எந்த நகரத்துக்கு எவ்வளவு என்பதில் மேயரின் செல்வாக்குக்கு இடமில்லை. அது சூத்திரம். சி.டி.பி.ஜி.யின் மொத்தத்தில் 70 சதவீதம் பெரிய நகரங்களுக்கும் பெரிய கவுன்டிகளுக்கும் (நம் மாவட்டம் மாதிரி) நேராகப் போகிறது. 30 சதவீதம் சிற்றூர்களுக்காக மாநில அரசுகளிடம் போகிறது. 50,000 பேருக்கு மேல் இருக்கும் நகரம் பொதுவாக நேரடிப் பட்டியலில் வரும். ஒவ்வொரு நகரத்துக்கும் இரண்டு கணக்குப் போடுகிறார்கள். முதல் கணக்கில் வறுமைக்கு 50, மக்கள்தொகைக்கு 25, ஆட்கள் நெருக்கியடித்து வாழும் வீடுகளின் எண்ணிக்கைக்கு 25 என்று எடை. இரண்டாவதில் 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 50, வறுமைக்கு 30, மக்கள்தொகை வளராமல் பின்தங்கியதற்கு 20. எது அதிகமோ அது அந்த நகரத்துக்கு; பிறகு மொத்தத் தொகைக்குள் அடங்கும்படி எல்லாருக்கும் கொஞ்சம் வெட்டுவார்கள். இரண்டாவது கணக்கு 1977-ல் சேர்ந்தது. டெட்ராய்ட், பஃபலோ போன்று ஆட்கள் கிளம்பிப்போய்ப் பழைய வீடுகள் மட்டும் நிற்கும் ஊர்களுக்கு அதுதான் கை கொடுக்கிறது. எங்கள் ஊர் மாதிரியான புதிய புறநகரங்களில் 1940-க்கு முந்தைய வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுக்கு முதல் கணக்குதான்.

சரி, பணம் நகரத்துக்கு வந்துவிட்டது. கணக்குக்கு எளிதாகப் பத்து லட்சம் டாலர் சி.டி.பி.ஜி. என்று வைத்துக்கொள்வோம். திட்டமிடல், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது: இரண்டு லட்சம். 'பொதுச் சேவை' என்கிற தலைப்பில், அதாவது உணவு, குழந்தைப் பராமரிப்பு, குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கான புகலிடம், வேலைப் பயிற்சி போன்றவற்றுக்கு, பொதுவாக 15 சதவீதம்தான் உச்சம்: ஒன்றரை லட்சம். மிச்சம் ஆறரை லட்சம் கட்டடம், நடைபாதை, பூங்கா, வீடு பழுதுபார்ப்பு போன்ற கண்ணால் பார்க்கக்கூடிய வேலைகளுக்கு.

எங்கள் கூட்டங்களில் கூட்டம் சேர்ந்தது அந்த ஒன்றரை லட்சத்துக்காகத்தான். தொண்டு நிறுவனங்கள் வரிசையாக வந்து ஆளுக்குச் சில நிமிடம் பேசும். பசித்த குழந்தைக்குச் சாப்பாடா, அடிபட்டு ஓடிவந்த பெண்ணுக்குப் படுக்கையா என்று நாங்கள் மதிப்பெண் போட வேண்டும். அந்த இரவுகளில் வீட்டுக்கு வந்து எனக்குச் சரியாகத் தூக்கம் வந்ததில்லை. ஒரு நிறுவனத்துக்கு நாலு மதிப்பெண் குறைத்தால் அங்கே ஒரு பகுதிநேர ஊழியரின் வேலை போகிறது என்று தெரிந்தே போட வேண்டும். ஆனால் அதே மாலையில், அடுத்த பக்கத்தில் இருந்த ஆறரை லட்சத்தைப் பற்றிப் பேச ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஊழியர்கள் தயாரித்த பட்டியலை வாசிப்பார்கள், யாருக்கும் கேள்வி இல்லை, அடுத்த பொருள். மூன்று ஆண்டும் இதைத்தான் பார்த்தேன்.

இத்தனைக்கும் அந்தப் பெரிய பங்கில்தான் உண்மையான தேர்வுகள் இருக்கின்றன. ஒரு தெருவுக்கு நடைபாதை போடுவதா, முப்பது பழைய வீடுகளின் கூரையைச் சரிசெய்வதா? சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. சி.டி.பி.ஜி.யில் எந்தச் செலவும் மூன்று நோக்கங்களில் ஒன்றுக்குப் பொருந்த வேண்டும்: குறைந்த, மிதமான வருமானக்காரர்களுக்குப் பயன், சீரழிந்த பகுதியைச் சீராக்குதல், புயல் வெள்ளம் மாதிரியான அவசரத் தேவை. குறைந்தது 70 சதவீதப் பணம் முதல் நோக்கத்துக்குப் போக வேண்டும். 'குறைந்த வருமானம்' என்றதும் பரம ஏழைகளை மட்டும் நினைக்க வேண்டாம். அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதம் வரை கணக்கில் வரும். டாலஸ் வட்டாரத்தில் நாலு பேர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு எண்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர், நர்ஸுக்கு உதவியாளர், உணவகச் சமையல்காரர் எல்லாரும் அதற்குள் வருவார்கள்.

நடைபாதை போன்ற பொது வேலை என்றால், அந்தப் பகுதியில் வசிப்போரில் பொதுவாக 51 சதவீதமாவது இந்த வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். இதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களை வைத்துப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் கோடு ஒரு தெருவின் நடுவே ஓடும். இந்தப் பக்கத்துக்குக் காசு உண்டு, எதிர்ப்பக்கத்துக்கு இல்லை. ஒருமுறை சக்கர நாற்காலியில் ஒருவர் வந்து, தெரு முனையில் சரிவுப்பாதை இல்லாததால் பேருந்து நிறுத்தத்துக்குச் சாலையிலேயே இறங்கிப் போவதாகச் சொன்னார். அவருடைய தெரு கோட்டுக்கு வெளியே இருந்தது. ஆனால் விதியில் இன்னொரு கதவு உண்டு: முதியவர்கள், கடும் உடற்குறை உள்ளவர்கள், வீடற்றவர்கள் போன்ற சில பிரிவினரைப் பெரும்பாலும் குறைந்த வருமானத்தினர் என்றே எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பகுதியின் சதவீதத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கதவு வழியாக அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அந்த முனைச் சரிவுகள் சேர்ந்தன. அவர் வந்து பேசியிருக்காவிட்டால் எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

நடைபாதைகள் பட்டியலில் அடிக்கடி முந்திக்கொள்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, நகரத்தின் கணக்கில் செலவாகாமல் கிடக்கும் பணம் ஓராண்டு ஒதுக்கீட்டைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. அக்டோபரில் ஆண்டு தொடங்கும் நகரங்களுக்கு அந்த நாள் ஆகஸ்ட் 2. எங்கள் ஊழியர்களுக்கு ஆகஸ்ட் 2 என்றாலே பதற்றம். கான்கிரீட் வேலையைக் கொடுத்தால் ஒரே ஒப்பந்தத்தில் பெரிய தொகை போய்விடும். வீடு பழுதுபார்ப்பில் ஒவ்வொரு வீடும் தனி வழக்கு: வருமானச் சான்று, சுற்றுச்சூழல் ஆய்வு, 1978-க்கு முன் கட்டிய வீடானால் ஈயம் கலந்த வண்ணப்பூச்சுச் சோதனை, ஒப்பந்தக்காரர் தேடல். நாங்கள் உணவு கொண்டுபோன ஒரு பாட்டியின் வீட்டில் கூரை ஒழுகி, கூடத்தில் மூன்று வாளி வைத்திருந்தார். விண்ணப்பம் போட்டதிலிருந்து கூரை மாறும்வரை ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குப் படிகளைத் தாண்டிப் போக வழியில்லை. ஆனாலும் என்னைக் கேட்டால் கூரைக்குத்தான் ஓட்டு. நடைபாதையை நகரத்தின் சொந்த வரிப் பணத்தில் போடலாம். அந்தப் பாட்டியின் கூரைக்கு இதை விட்டால் வேறு பணம் கிடையாது.

ஹோம் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி.டி.பி.ஜி.யில் வீட்டைப் பழுதுபார்க்கலாம், புது வீடு கட்டுவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஹோமில் கட்டலாம், வாங்க உதவலாம், வாடகைக்கும் உதவலாம். ஒவ்வொரு டாலருக்கும் 25 சென்ட் ஃபெடரல் அல்லாத பணத்திலிருந்து நகரம் போட வேண்டும். 15 சதவீதத்தை, குறைந்த வருமான மக்களின் பிரதிநிதிகள் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் வீட்டு வசதித் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். ஹோம் பணத்தில் புதிதாகக் கட்டிய வாடகை வீடுகளின் வாடகை 20 ஆண்டுகளுக்குக் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆனால் தொகை சிறியது. பல கோடி டாலர் ஆகும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹோம் அடைப்பது கடைசி ஓட்டையைத்தான். பெரும்பகுதி, குறைந்த வருமானத்தினருக்கு வாடகை வீடு கட்டுவதற்காக 1986-ல் வந்த வரிச் சலுகைத் திட்டத்திலிருந்து வருகிறது, அதைப் பங்கிடுவது மாநில அமைப்பு. எனவே நகர மன்றத்தில் போய் 'ஏன் ஆயிரம் வீடு கட்டவில்லை' என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

இப்போது நேரம் பற்றிய விஷயம். நகரம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கிணைந்த திட்டம் ஒன்று எழுதி ஹட்டுக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலான நகரங்கள் ஐந்து ஆண்டு என்று வைத்திருக்கின்றன. எந்தத் தேவைக்கு முன்னுரிமை என்று அதில் எழுதிவிடுவார்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் செயல் திட்டம். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடத்த வேண்டும், வரைவுத் திட்டத்தின் மீது கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்கள் நிறையப் பேர் வருவார்கள் என்றால் அவர்களுக்கும் வழி செய்ய வேண்டும். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. எங்கள் ஊரில் முகவரியைச் சொன்னால் போதும்.

மக்கள் வருவது எப்போது? செயல் திட்டத்தை நகர மன்றம் நிறைவேற்றப் போகும் இரவில். அதற்குள் விண்ணப்பங்கள் வாங்கி, மதிப்பெண் போட்டு, தொகை பிரித்து முடிந்திருக்கும். அந்த இரவில் ஒருவருக்கு ஐயாயிரம் கூட்ட வேண்டுமானால் இன்னொருவரிடம் ஐயாயிரம் பிடுங்க வேண்டும், எந்த உறுப்பினரும் அதற்குத் துணிய மாட்டார். ஐந்தாண்டுத் திட்டத்தில் 'வீடு பழுதுபார்ப்பு: உயர் முன்னுரிமை' என்று ஒரு வரி இருந்தால், அதைக் காட்டியே அடுத்த ஐந்து ஆண்டும் கேட்கலாம். அந்த வரி எழுதப்படும் கூட்டத்துக்கு எங்கள் ஊரில் வந்திருந்தவர்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் நகர ஊழியர்கள்.

தொண்டு நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் உணவுத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் முன்கூட்டி வரவில்லை. நாங்கள் செலவு செய்து, ரசீதும் பயனாளிகளின் வருமான விவரமும் கொடுத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. முதல் ஆண்டில் அந்த இடைவெளியைச் சமாளிக்க உறுப்பினர்கள் கைக்காசைப் போட்டோம். உங்கள் நகரத்திலும் இதே முறையா என்று முதலிலேயே கேளுங்கள். மூன்று மாதச் செலவைத் தாங்கும் இருப்பு இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள்.

இந்த நிதி எப்போதும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2017-ல் வெள்ளை மாளிகை அனுப்பிய வரவுசெலவுத் திட்டம் சி.டி.பி.ஜி., ஹோம் இரண்டையும் அடியோடு நிறுத்தச் சொன்னது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 2024 நிதியாண்டில் நாடு முழுவதற்கும் சி.டி.பி.ஜி.க்கு 330 கோடி டாலர், ஹோமுக்கு 125 கோடி டாலர். ஹோமுக்கு அதற்கு முந்தைய ஆண்டு கொடுத்தது 150 கோடி.

நீங்கள் செய்யக்கூடியது இது. உங்கள் நகர அலுவலகத்தில் இந்த நிதியைக் கவனிக்கும் பிரிவைக் கூப்பிட்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்கான தேவைக் கூட்டம் எப்போது, குடிமக்கள் குழுவில் காலியிடம் இருக்கிறதா. கூட்டத்துக்குப் போனால் பொதுவாகப் பேச வேண்டாம். எந்தத் தெரு, எத்தனை வீடு, என்ன பழுது, யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், முடிந்தால் எழுதியும் கொடுங்கள். எழுத்தில் வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் திட்டத்தோடு இணைத்து ஹட்டுக்கு அனுப்ப வேண்டும், ஏற்காவிட்டால் ஏன் என்றும் எழுத வேண்டும் என்பது விதி. அந்தப் பாட்டியின் கூரையைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த அரைப் பக்கம் இன்றும் அந்த ஆண்டுத் திட்டத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது.